நரக வாசலின் குளவிகள்



இத்தாலியக் கவி தாந்தேயின் நரகத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பெரிய நரகம் அது. மூன்று தலை நாயான செர்பரஸ் அங்கே இருக்கிறது. வாலைத் தன் உடம்பில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறானோ அத்தனையாவது வட்டத்துக்குப் பாவியை அனுப்பும் மினோஸ் இருக்கிறான். வில்லேந்திய குதிரைமனிதர்கள் இருக்கிறார்கள். அடிப்பாதாளத்தில், உறைந்த பனியில் மார்புவரை புதைந்து, மூன்று வாயிலும் மூன்று துரோகிகளை மென்றபடி லூசிஃபர் இருக்கிறான். இவர்களைப் பற்றி எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்துவிட்டார்கள். நான் இன்று பேசப்போவது அந்த நரகத்தின் மிகச் சிறிய குடிகளைப் பற்றி. குளவிகளைப் பற்றி. ஈக்களைப் பற்றி. புழுக்களைப் பற்றி.

தாந்தே எழுதிய ‘டிவைன் காமெடி’ மொத்தம் 100 படலங்கள், 14,233 வரிகள். அதில் இந்தப் பூச்சிகளுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? நரக காண்டத்தின் மூன்றாம் படலத்தில் ஆறே ஆறு வரிகள். அவற்றுக்குப் பெயர் கிடையாது. ஏவிவிட்டவர் யார் என்ற குறிப்பு கிடையாது. ஆறு வரிகளில் வருகின்றன, கொட்டுகின்றன, போய்விடுகின்றன. ஆனால் அந்த ஆறு வரிகள் எழுநூறு ஆண்டுகளாகப் படிப்பவரைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஏன்? அதைத்தான் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். கதை நடப்பது 1300-ஆம் ஆண்டு, புனித வெள்ளியன்று மாலை. தாந்தேக்கு வயது முப்பத்தைந்து. வழிகாட்டியாக வருபவர், அவருக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கவி வர்ஜில். இருவரும் நரக வாசலைத் தாண்டுகிறார்கள். உள்ளே போனதும் கண்ணுக்கு முன்பாகக் காதுக்குத்தான் நரகம் வந்து சேருகிறது. விண்மீன் இல்லாத இருட்டு. பல மொழிகளில் அழுகை, கோபக் கூச்சல், கை அறையும் ஓசை. தாந்தே அழுதேவிடுகிறார். பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கொடி சுழன்று சுழன்று ஓடுகிறது, எங்கும் நிற்காமல். அதன் பின்னால் கூட்டம் ஓடுகிறது. முடிவே இல்லாத கூட்டம். உடம்பில் துணி இல்லை. அந்த உடம்புகளைக் குளவிகளும் பெரிய பெரிய ஈக்களும் மொய்த்துக் கொட்டுகின்றன. முகத்தில் ரத்தம் கோடு கோடாக வழிகிறது. கண்ணீரும் சேர்ந்து கலக்கிறது. அந்தக் கலவை சொட்டுச் சொட்டாகக் காலடியில் விழுகிறது. அங்கே அருவருப்பான புழுக்கள் காத்திருந்து அதை ஏற்றுக்கொள்கின்றன.

யார் இவர்கள்? கொலை செய்தவர்களா? கொள்ளை அடித்தவர்களா? காட்டிக் கொடுத்தவர்களா? ஒன்றும் செய்யாதவர்கள்! ஒன்றுமே செய்யாதவர்கள். நல்லதன் பக்கமும் நிற்காமல், தீயதன் பக்கமும் நிற்காமல், தன் பக்கம் மட்டும் நின்று வாழ்ந்து முடித்தவர்கள். நம் ஊரில் மதில்மேல் பூனை என்போமே, அவர்கள்தான். அவர்களோடு சில தேவதூதர்களும் ஓடுகிறார்கள். லூசிஃபர் கடவுளை எதிர்த்துக் கலகம் செய்தபோது இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள். சொர்க்கம் இவர்களை ஏற்கவில்லை. நரகமும் ஏற்கவில்லை. ஆக்கரான் என்ற ஆற்றைக் கடந்தால்தான் நரகம். ஓடக்காரன் கேரன் இவர்களைப் படகில் ஏற்றுவதில்லை. வாசலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலேயே இவர்கள் காலமெல்லாம் ஓடவேண்டும்.

இங்கே ஒரு செய்தி. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்குப் பிடித்த மேற்கோள் ஒன்று உண்டு. அறநெருக்கடி வரும் காலத்தில் நடுவில் நிற்பவர்களுக்கு நரகத்தின் மிகக் கொதிக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இதைச் சொன்னவர் தாந்தே என்று அவர் மேடைகளில் சொல்லி வந்தார். இன்றும் சுவரொட்டிகளில், நாட்காட்டிகளில் தாந்தே பெயரோடு இது வருகிறது. தாந்தே இப்படி எழுதவே இல்லை. கொதிக்கும் இடம் அங்கே இல்லை. மூன்றாம் படலம் முழுவதும் தேடினாலும் இவர்கள் மேல் ஒரு தீப்பொறிகூட விழுவதில்லை.

நெருப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? பத்தாம் படலத்தில் இருக்கிறது. அங்கே ஃபரினாட்டா என்ற தளபதி, எரிகின்ற கல்லறைக்குள்ளிருந்து இடுப்புவரை நிமிர்ந்து எழுகிறார். நரகத்தையே இகழ்ந்து பார்ப்பவரைப் போல எழுகிறார். தாந்தேயின் குடும்பத்துக்கு எதிர்க்கட்சி அவர். இருந்தும் தாந்தே அவரோடு மரியாதையாகப் பேசுகிறார். இருபத்தாறாம் படலத்தில் நெருப்பு இருக்கிறது. கிரேக்க வீரன் யுலிசிஸ் ஒரு சுடருக்குள் நின்றுகொண்டு தன் கடைசிக் கடற்பயணத்தைச் சொல்கிறான். அவர்களுக்குப் பெயர் உண்டு, குரல் உண்டு, கதை உண்டு. தாந்தேயின் கணக்கில் நெருப்பு ஒரு பெரிய தண்டனை. அதைப் பெறுவதற்குக்கூட மனிதன் ஏதாவது ஒன்றைத் துணிந்து செய்திருக்க வேண்டும். துணியாதவனுக்கு நெருப்பு எதற்கு? ஈ போதும்!

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1300-ஆம் ஆண்டில் தாந்தே ஃபிளாரன்ஸ் நகர ஆட்சிக் குழுவில் இரண்டு மாதம் உறுப்பினராக இருந்தார். நகரம் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு கட்சியாகப் பிளந்து கிடந்தது. தாந்தே வெள்ளையர் கட்சி. ஆனாலும் அமைதி காக்க வேண்டும் என்று இரு கட்சித் தலைவர்களையும் ஊரைவிட்டு வெளியேற்ற அவர் இருந்த குழு முடிவு செய்தது. வெளியேற்றப்பட்டவர்களில் அவருடைய உயிர் நண்பர், கவிஞர் குய்தோ கவல்கான்டியும் ஒருவர். போன இடத்தில் நோயுற்றார்; அதே ஆண்டு இறந்தும் போனார். அடுத்த ஆண்டு கறுப்பர் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1302 ஜனவரியில் தாந்தேக்கு அபராதமும் நாடுகடத்தலும். மார்ச் 10 அன்று அடுத்த தீர்ப்பு: பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும். பக்கம் சேர்ந்ததற்காக ஃபிளாரன்ஸ் அவருக்கு நெருப்பை விதித்தது. அந்த மனிதர்தான், எந்தப் பக்கமும் சேராமல் வீட்டுக்குள் கதவடைத்து இருந்தவர்களுக்கு என்ன தண்டனை என்று யோசிக்க உட்கார்ந்தார். நெருப்பின் விலை அவருக்குத் தெரியும். அதை இவர்களுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் படிக்கிறேன்.

இந்த இடத்தில் தமிழாசிரியர்கள் சிலர் என்னைப் பார்ப்பது தெரிகிறது. நடுவு நிலைமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறாரே, அது குற்றமா என்று உங்கள் கண் கேட்கிறது. வள்ளுவர் சொல்லும் நடுவுநிலை, தீர்ப்புச் சொல்பவன் பகை, நட்பு பாராமல் சொல்வது. அவன் கடைசியில் ஒரு தீர்ப்பைச் சொல்கிறான். தாந்தேயின் வாசலில் ஓடுகிறவர்கள் வாயையே திறக்காதவர்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. தாந்தே நாடுகடந்த பிறகு தன் சொந்தக் கட்சியோடும் மனம் வெறுத்துப் பிரிந்தார். சொர்க்க காண்டத்தின் பதினேழாம் படலத்தில் அவருடைய முப்பாட்டனார் ஒருவர், நீ தனி ஒருவனாகக் கட்சியாக நின்றது உனக்குப் பெருமை என்னும் பொருள்படப் பேசுகிறார். அப்படியானால் தாந்தேயும் நடுவில் நின்றவர்தானே? தன் பக்கம் மட்டும் நின்றவர்தானே? குளவி ஏன் அவரைக் கொட்டவில்லை? ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விடை இதுதான். அவர் விலை கொடுத்துவிட்டுப் பிரிந்தார். வீடு போயிற்று, சொத்துப் போயிற்று, ஊர் போயிற்று. 1315-இல் அவமானமான நிபந்தனைகளோடு மன்னிப்புத் தர ஊர் முன்வந்தபோது அதையும் மறுத்தார். வாசலில் ஓடுகிறவர்கள் எதற்கும் ஒரு காசு விலை கொடுக்காதவர்கள்.

சரி, பூச்சிக்கு வருவோம். தண்டனை தர எத்தனையோ மிருகம் இருக்கக் குளவி எதற்கு?

மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். மாட்டு ஈ ஒன்று வந்து உட்கார்ந்தால், அது தோலைக் கத்திபோல் கீறி, கசியும் ரத்தத்தை நக்கும். மாடு வாலை வீசும், தோலைச் சிலிர்க்கும், கடைசியில் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடும். வர்ஜிலே தன் உழவுக் காவியத்தில் மந்தையை வெறிபிடித்து ஓடவைக்கும் இந்த ஈயைப் பற்றி எழுதியிருக்கிறார். நகராத ஒன்றை நகர வைப்பது பூச்சி. தாந்தே தேர்ந்தெடுத்த பூச்சி சரியான பூச்சி. வாழ்நாளெல்லாம் நகராமல் இருந்தவர்களை இப்போது ஓட வைக்கிறது. வாழ்நாளெல்லாம் எந்தக் கொடியின் பின்னாலும் போகாதவர்கள், இப்போது எந்தச் சின்னமும் இல்லாத ஒரு கொடியின் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். தாந்தே எழுதிய கொடியில் சின்னம் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தாந்தேக்கு வெகுகாலம் முன்பே ஏதென்ஸ் நகரத்து வழக்குமன்றத்தில் நின்று சாக்ரடீஸ் தன்னை ஒரு ஈயோடு ஒப்பிட்டார். இந்த நகரம் உடம்பு பெருத்துச் சோம்பிய உயர்சாதிக் குதிரை. அதைக் கடித்து எழுப்ப அனுப்பப்பட்டவன் நான் என்ற பொருளில் பேசினார். பிளேட்டோ அதை எழுதி வைத்தார். உயிரோடு இருக்கும் ஊரை ஈ கடித்தால் ஊர் விழிக்கலாம், அல்லது ஈயை அடித்துக் கொல்லலாம். ஏதென்ஸ் அடித்துக் கொன்றது. இறந்த பிறகு கடித்தால்? எழுந்திருக்க நேரம் முடிந்துவிட்டது. ஆனால் வலி முடியவில்லை. இதுதான் அந்த ஆறு வரிகளின் கொடுமை என்று நினைக்கிறேன்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். தேனீ நம்மைக் கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதில் பின்நோக்கிய முட்கள் உண்டு. தேனீ குடல் பிய்ந்து செத்துவிடும். குளவியின் கொடுக்கு அப்படி மாட்டிக்கொள்வதில்லை. குத்தும், உருவும், மறுபடி குத்தும். முடிவில்லாத தண்டனைக்குத் தேனீயை வேலைக்கு வைக்க முடியாது. குளவியால்தான் முடியும்.

அந்தக் காலத்து அறிவுலகம் குளவியைப் பற்றி என்ன நம்பியது என்பதும் இங்கே உதவும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த செவில் நகர ஆயர் இசிடோர் ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதினார். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் படித்தது. அதில் மாட்டின் பிணத்திலிருந்து தேனீயும், கழுதையின் பிணத்திலிருந்து குளவியும் பிறக்கின்றன என்று எழுதியிருக்கிறார். அழுகியதிலிருந்து பூச்சி தானாகத் தோன்றும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு மூன்றாம் படலத்தைப் படித்தவருக்கு, இந்தக் குளவிகள் வேறு எங்கிருந்தோ பறந்து வந்தவையாகத் தோன்றியிருக்காது. அழுகிப்போன வாழ்க்கையிலிருந்தே பிறந்தவை. கீழே புழு, மேலே ஈ, நடுவில் மனிதன்.

இந்த நம்பிக்கையை உடைத்தவரும் அதே தஸ்கனி மண்ணின் மகன்தான். பெயர் ஃபிரான்செஸ்கோ ரெடி, மருத்துவர், கவிஞரும்கூட. 1668-இல் அவர் தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். சில குடுவைகளில் இறைச்சியைப் போட்டுத் திறந்து வைத்தார். சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். திறந்த குடுவையில் புழு வந்தது. மூடிய குடுவையின் இறைச்சியில் வரவில்லை. ஈ முட்டையிட்டால்தான் புழு என்பது அன்று நிரூபணமானது.

நம் புராணங்களிலும் பூச்சி நரகங்கள் உண்டு. ‘அந்நியன்’ படம் பார்த்தவர்கள் கிருமிபோஜனம் என்ற பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்தில், பகிர்ந்து கொடுக்காமல் தானே உண்பவன் புழுக் குளத்தில் தானும் புழுவாகக் கிடப்பான் என்று வருகிறது. அங்கேயே அந்தகூபம் வருகிறது. கொசுவையும் மூட்டைப்பூச்சியையும் போன்ற சிற்றுயிர்களை வதைத்தவனை, அவன் வதைத்த அதே உயிர்கள் இருட்டில் சூழ்ந்து வதைக்கும். அங்கே பூச்சி தன் வழக்கைத் தானே நடத்துகிறது. தாந்தேயின் குளவிக்கு அப்படி எந்த வழக்கும் இல்லை. தன்னை அடித்தவனையோ தன் கூட்டைக் கலைத்தவனையோ அது துரத்தவில்லை. அதற்கு இவர்கள் மேல் பகையே கிடையாது. பகைக்கும் தகுதியில்லாதவர்கள் இவர்கள்! வர்ஜில்கூட இவர்களைப் பற்றிப் பேசி நேரத்தைப் போக்காதே, பார்த்துவிட்டு நட என்கிற தொனியில் கூட்டிப் போய்விடுகிறார்.

தாந்தேக்குப் பூச்சிகள் மேல் இருந்த கவனம் இந்த வாசலோடு நிற்கவில்லை. வட்டிக்கடைக்காரர்கள் சுடுமணலில் உட்கார்ந்து கையை மாற்றி மாற்றித் தட்டுவதை, கோடையில் தெள்ளும் ஈயும் கடிக்க நாய் சொறிவதோடு ஒப்பிடுகிறார். சுடருக்குள் அடைபட்டவர்களைக் காட்டும்போது, ஈ ஓய்ந்து கொசு கிளம்பும் அந்திவேளையில் ஓர் உழவன் குன்றின் மேலிருந்து பள்ளத்தாக்கில் பார்க்கும் மின்மினிகளைச் சொல்கிறார். ஈ ஓய்ந்து கொசு கிளம்பும் வேளை! வயலோரம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இது வரும். கழுவாய்க் காண்டத்தில் எறும்புகள் எதிரெதிரே வந்து மூஞ்சியோடு மூஞ்சி உரசி விசாரித்துப் போவதைக் காட்டுகிறார். அதே காண்டத்தில் செருக்குற்றவர்களைப் பார்த்து, மனிதன் பட்டாம்பூச்சியாகப் பிறக்கவேண்டிய புழு என்பதை நினைவூட்டுகிறார். நரக வாசலின் புழுவுக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை. அது ரத்தத்தைக் குடிக்கிறது, அவ்வளவுதான். சிறகு முளைப்பதாக ஒரு சொல் இல்லை.

சொர்க்கத்தின் உச்சிக்குப் போங்கள். முப்பத்தொன்றாம் படலம். புண்ணியவான்கள் எல்லாம் ஒரு மாபெரும் வெள்ளை ரோஜாவின் இதழ்களாக அமர்ந்திருக்கிறார்கள். தேவதூதர்கள் தேனீக்கூட்டம் போல அந்தப் பூவுக்குள் இறங்குவதும் மேலே ஏறுவதுமாக இருக்கிறார்கள். அவர்கள் முகம் தழல் நிறம், சிறகு பொன். குளவியும் தேனீயும் ஒரே பூச்சிக் குலம் என்று உயிரியல் மாணவர்கள் சொல்வார்கள். மறுமையின் அடிவாசலில் ஒன்று, உச்சியில் மற்றொன்று. அங்கே முகத்தில் ரத்தக் கோடு, இங்கே முகத்தில் ஒளி. பக்கம் சேராத தேவதூதர்கள் குளவிக்கு நடுவில் ஓடுகிறார்கள். சேர்ந்த தேவதூதர்கள் தாங்களே தேனீயாகப் பறக்கிறார்கள். இதை அமைத்தவனின் கை எவ்வளவு பெரிய கை!

பூச்சி தாந்தேயையும் விடவில்லை. 1321-இல் ரவென்னா நகரத்துத் தூதராக வெனிஸ் போய்விட்டு, சதுப்பு நிலங்கள் வழியே திரும்பும்போது காய்ச்சல் கண்டு, செப்டம்பரில் இறந்தார். அது மலேரியா என்பது பெரும்பாலோர் கருத்து. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று உலகம் அறிய இன்னும் ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1897-இல் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார்.

கடைசியாக ஒரு வழக்கு. அந்த ஓடும் கூட்டத்தில் சிலரை அடையாளம் கண்டுகொள்ளும் தாந்தே, ஒரே ஒருவரை மட்டும் குறித்துச் சொல்கிறார். கோழைத்தனத்தால் ஒரு பெரிய மறுப்பைச் செய்தவர் என்று மட்டும் சொல்லிப் பெயரை விட்டுவிடுகிறார். யார் அது? பழைய உரையாசிரியர்கள் பலர் ஐந்தாம் செலஸ்தீன் என்ற போப்பாண்டவரைச் சொன்னார்கள். மலைக்குகையில் தவம் செய்துகொண்டிருந்த கிழத் துறவி அவர். இரண்டு ஆண்டுக்கு மேல் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திணறிய கர்தினால்கள் 1294 ஜூலையில் அவரைப் பிடித்து அரியணையில் உட்கார வைத்தார்கள். டிசம்பர் 13 அன்று அவர் பதவியைத் துறந்தார். அடுத்து வந்தவர் எட்டாம் போனிஃபாஸ். தாந்தேயின் நாடுகடத்தலுக்குப் பின்னால் இருந்தவர் இந்தப் போனிஃபாஸ்தான். செலஸ்தீன் விலகியிருக்காவிட்டால் போனிஃபாஸ் வந்திருக்க மாட்டார். தாந்தே வீடு இழந்திருக்க மாட்டார். கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது. வேறு சிலர் அந்த உருவம் விவிலியத்தில் வரும் பிலாத்து என்கிறார்கள், ஏசா என்கிறார்கள்.

செலஸ்தீன்தான் அவர் என்றால், நான் தாந்தேயோடு மாறுபடுகிறேன். திருச்சபை 1313-இல் அந்தத் துறவியைப் புனிதர் என்று அறிவித்தது. விலகிய பிறகும் அவரைப் போனிஃபாஸ் நிம்மதியாக விடவில்லை. ஃபுமோனே கோட்டையில் அடைத்து வைத்தார். 1296-இல் அங்கேயே இறந்தார். 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் அவர் கல்லறைக்குப் போய்த் தன் தோள்துகிலை அதன் மேல் வைத்தார். நான்கு ஆண்டு கழித்துத் தானும் பதவி விலகினார். தனக்குத் தகுதியில்லை என்று உலகத்தின் உச்சப் பதவியை எழுந்து நின்று துறந்தவர் எப்படி ஒன்றும் செய்யாதவர் ஆவார்? அவர் செய்தார். அதற்குச் சிறையில் விலையும் கொடுத்தார். அந்த முகத்தில் குளவி உட்காரக் கூடாது என்பது என் கட்சி. பிலாத்து என்பவர்களும், தாந்தே சொன்னதே சரி என்பவர்களும் இந்த அரங்கில் இருப்பீர்கள். கேள்வி நேரம் இருக்கிறது என்று தலைவர் சொல்லியிருக்கிறார். எதிர்க்கட்சி பேச வாருங்கள்.